பேரனுக்குத் தாத்தா பிள்ளையாக முடியுமா?

வலைப்பக்கம் எழுதிப் பழகியவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருப்போம். பக்கத்தில் ஒரு மளிகைப் பட்டியல் இருக்கிறது: அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், உப்பு. மொத்தம் 6 பொருள்கள். 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் பட்டியல் காலியாக வேண்டும். அதற்கு நான் எழுதியது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சாதாரண ஃபார் லூப்தான். பூஜ்ஜியத்தில் தொடங்கு, பட்டியலின் நீளம் வரை போ, ஒவ்வொன்றாக நீக்கு. அழுத்திப் பார்த்தேன். பருப்பும் புளியும் உப்பும் அசையாமல் நின்றன.

பிரவுசரில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். குரோமில் பார்த்தேன், ஃபயர்பாக்ஸில் பார்த்தேன். இரண்டிலும் அதே மூன்று பொருள்கள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பக்கத்திடம் கேட்டு நான் வாங்கிய பட்டியல் ஒரு பிரதி அல்ல. ஆவணம் மாற மாறத் தானும் கூடவே மாறும் உயிருள்ள பட்டியல் அது. முதல் சுற்றில் அரிசி போனதும் பருப்பு அரிசியின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. லூப்போ அடுத்த எண்ணுக்குத் தாவி எண்ணெயைப் பிடித்தது. அதை நீக்கியதும் புளி தப்பித்தது. இப்படியே மூன்று சுற்று முடிந்தபோது நீளமும் 3 ஆகியிருந்தது, லூப் நின்றுவிட்டது.

இதில் என்னை யோசிக்க வைத்தது என் தவறு இல்லை. வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு ஆண்டுகளில், தனித்தனியாக எழுதிய இரண்டு பிரம்மாண்டமான மென்பொருள்கள் எப்படி ஒரே மூன்று பொருள்களை விட்டுவைத்தன? இரண்டும் ஒரே தரநிலை ஆவணத்தைப் பின்பற்றுகின்றன என்பதுதான் பதில். அப்படியானால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. அந்தத் தரநிலை ஆவணம் சொல்வதெல்லாம் தனக்குத்தானே முரண்படாமல் இருக்கிறதா? உத்தேசமாகச் சொல்லாமல், கணிதத் தேற்றத்தைப் போல நிரூபித்துக் காட்ட முடியுமா? 2008 முதல் சிலர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று.

முதலில் பின்னணி. பிரவுசர் ஒரு ஹெச்.டி.எம்.எல். கோப்பைப் படித்ததும் அதை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. நினைவகத்தில் ஒரு மரமாகக் கட்டிக்கொள்கிறது. ஆவணம் வேர், அதற்குக் கீழே பத்திகள், பட்டியல்கள், படங்கள், கடைசியில் எழுத்துத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கணு. பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இந்த மரத்தைத் தொட்டுத்தான் பக்கத்தை மாற்றுகிறது. மரத்தின் அமைப்புக்கும் அதைத் தொடும் கட்டளைகளுக்கும் சேர்த்து டாக்குமெண்ட் ஆப்ஜெக்ட் மாடல், சுருக்கமாக டாம், என்று பெயர்.

1997-இல் நெட்ஸ்கேப்பின் 4-ஆம் பதிப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 4-ஆம் பதிப்பும் வெளிவந்தபோது ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒரே பக்கத்தை இரண்டு முறை எழுத வேண்டிய நிலை. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபரில் டாமின் முதல் நிலைத் தரத்தை வெளியிட்டது. 2000-இல் இரண்டாம் நிலை, 2004-இல் மூன்றாம் நிலை. அதே 2004-இல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் வாட்-டபிள்யூஜி என்ற குழுவைத் தொடங்கினார்கள். பதிப்பு எண் இல்லாமல் தொடர்ந்து திருத்தப்படும் 'வாழும் தரநிலை' என்ற முறை அவர்களுடையது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2019 மே மாதம் இரு தரப்பும் உடன்பட்டு, டாமும் ஹெச்.டி.எம்.எல்.-உம் வாட்-டபிள்யூஜியின் பொறுப்பு என்று முடிவானது.

இந்த வாழும் தரநிலையின் நடை பழைய ஆவணங்களிலிருந்து வேறுபட்டது. 'இந்தக் கட்டளை இதைச் செய்யும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகராது. முதல் படி, இரண்டாம் படி என்று சமையல் குறிப்பு மாதிரி அடுக்கிச் சொல்லும். அதனால்தான் அதை நிரூபணத்துக்குள் கொண்டுவருவது சாத்தியமானது.

ஒரு கட்டளையை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இன்சர்ட்பிஃபோர் என்பது ஒரு கணுவை ஒரு பெற்றோருக்குக் கீழே, குறிப்பிட்ட பிள்ளைக்கு முன்னால் சேர்க்கும் கட்டளை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சேர்ப்பதற்கு முன் தரநிலை கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். பெற்றோராக வரும் கணு பிள்ளைகள் பெறத் தகுதியுள்ள வகையா? எழுத்துத் துண்டுக்குக் கீழே எதையும் தொங்கவிட முடியாது. 'இதற்கு முன்னால் சேர்' என்று காட்டிய பிள்ளை உண்மையிலேயே அந்தப் பெற்றோருடைய பிள்ளைதானா? இல்லையென்றால் பிழை. சேர்க்கப்படும் கணு, சேரப்போகும் இடத்துக்கு முன்னோரா?

இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. தாத்தாவைத் தூக்கிப் பேரனுக்குப் பிள்ளையாக வைக்க முடியாது. வைத்தால் மரம் மரமாக இருக்காது, வளையமாகிவிடும். அந்த வளையம் ஆவணத்தின் வேரிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியாக மிதக்கும். பேரனிடம் 'உன் குலத்தின் முதல் ஆள் யார்' என்று கேட்டால் அப்பாவைக் காட்டுவான், அப்பா தாத்தாவைக் காட்டுவார், தாத்தா மறுபடி பேரனைக் காட்டுவார். அந்தத் தேடல் முடியவே முடியாது.

சரி, முன்னோரா என்று பார்த்தால் போதுமா? போதாது. டெம்ப்ளேட் என்றொரு கணு உண்டு. அதன் உள்ளடக்கம் அதன் பிள்ளையாக இருப்பதில்லை, தனித் துண்டாக வேறிடத்தில் இருக்கிறது. அந்தத் துண்டுக்குப் பெற்றோர் கிடையாது, 'உன்னை வைத்திருப்பவர் இவர்' என்ற ஒரு குறிப்பு மட்டும் உண்டு. இப்போது ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து அதன் உள்ளடக்கத்துக்குள்ளேயே போட்டால் என்ன ஆகும்? பெற்றோர் வழியாகப் பார்த்தால் வளையம் தெரியாது, ஆனால் வளையம் இருக்கும். ஆகவே தரநிலை வெறுமனே 'முன்னோரா' என்று கேட்பதில்லை. 'வைத்திருப்பவர் வழியாகவும் சேர்த்துப் பார்த்தால் முன்னோரா' என்று கேட்கிறது. அந்த இரண்டு சொல் கூடுதலுக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது!

இன்னொரு வரியும் எனக்குப் பிடிக்கும். ஒரு கணுவை அதற்கு முன்னாலேயே சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது? உளறலான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு கணு ஏற்கெனவே மரத்தில் இருந்தால், அதைப் புதிய இடத்தில் சேர்ப்பதற்கு முன் பழைய இடத்திலிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் 'இதற்கு முன்னால்' என்று காட்டிய ஆளே இடத்தில் இல்லை. அதனால் தரநிலை முன்கூட்டியே ஒரு படி வைத்திருக்கிறது. காட்டிய கணுவும் சேர்க்கும் கணுவும் ஒன்றாக இருந்தால், அடுத்த உடன்பிறப்பை அடையாளமாக எடுத்துக்கொள். இந்தப் படி இல்லாமல் ஒருவர் பிரவுசர் எழுதியிருந்தால், பல காலம் எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும்.

இதெல்லாம் வெறும் அழகியல் அக்கறை என்று யாரும் நினைக்கக் கூடாது. மரம் உடைந்தால் பாதுகாப்பும் உடைகிறது. 2010 ஜனவரியில் கூகுள் தன் மீது நடந்த ஊடுருவலை வெளியே சொன்னது. ஆபரேஷன் அரோரா என்று அதற்குப் பெயர் வந்தது. அதில் பயன்பட்ட முக்கிய ஓட்டை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்தது, அதுவும் டாமுக்குள் இருந்தது. ஒரு படம் ஏற்றப்பட்டதும் ஒரு நிகழ்வு பிறக்கிறது. தாக்கும் பக்கம் அந்த நிகழ்வைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிரதிக்குள் 'நான் இந்தக் கணுவிலிருந்து வந்தேன்' என்ற குறிப்பு இருக்கிறது. அப்புறம் அந்தக் கணு இருந்த பகுதியையே காலி செய்கிறது. கணு நினைவகத்திலிருந்து போய்விட்டது, குறிப்பு மட்டும் நிற்கிறது. காலியான இடத்தில் தன் சரக்கை நிரப்பிவிட்டு, பிரதியிடம் 'நீ எங்கிருந்து வந்தாய்' என்று கேட்கிறது. வீட்டை இடித்த பிறகும் பழைய முகவரிக்கே தபால் போகிறது. இப்போது அந்த மனையில் குடியிருப்பவன் திருடன். மைக்ரோசாஃப்ட் அதே மாதம் 21-ஆம் தேதி, வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் திருத்தம் வெளியிட்டது.

இது பழங்கதை இல்லை. கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70% நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்றும், அவற்றில் பாதி இப்படி விடுவித்த இடத்தை மறுபடி தொடுபவை என்றும் குரோமின் அடிப்படை நிரலை எழுதும் குரோமியம் குழு 2020-இல் தானே சொன்னது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2017-இல், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஜீரோவின் ஐவன் ஃபிராட்ரிக் டோமாட்டோ என்ற கருவியை வெளியிட்டார். தாறுமாறான டாம் கட்டளைகளைக் கோர்த்துப் பக்கம் பக்கமாக உற்பத்தி செய்து பிரவுசருக்குள் தள்ளும் கருவி அது. ஐந்து பிரவுசர்களில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 கோடி முறை ஓட்டியதில் 31 பாதுகாப்புப் பிழைகள் சிக்கின. சஃபாரியில் மட்டும் 17.

10 கோடி முறை ஓட்டிப் பார்ப்பது பெரிய காரியம்தான். ஆனால் சாத்தியமான மரங்களுக்கு எல்லையே இல்லை. சோதனை எத்தனை கோடி நடந்தாலும் 'இதுவரை பார்த்தவற்றில் இவை தப்பு' என்றுதான் சொல்லும். 'எந்த மரத்தை எடுத்தாலும், எந்தக் கணுவைச் சேர்த்தாலும், மரம் மரமாகவே இருக்கும்' என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு நிரூபணம் வேண்டும். பள்ளியில் கற்ற கணிதத் தொகுத்தறிதல்தான் இதற்கும் அடிப்படை. தொடக்கத்தில் மரம் நல்ல மரம். ஒவ்வொரு கட்டளையும் நல்ல மரத்தை நல்ல மரமாகவே விட்டுச் செல்கிறது. எனவே எத்தனை கட்டளைகள் ஓடினாலும் நல்ல மரமே மிஞ்சும்.

இதை முதலில் கையிலெடுத்தவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். ஃபிலிப்பா கார்ட்னர், கேரத் ஸ்மித், மார்க் வீல்ஹவுஸ், யூரி சார்ஃபட்டி ஆகிய நால்வரும் 2008-இல் டாமின் ஒரு சிறிய மையப் பகுதிக்குத் தர்க்க விதிகளை எழுதினார்கள். ஒரு கட்டளை மரத்தின் எந்தத் துண்டைத் தொடுகிறதோ அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும், தொடாத பகுதி அப்படியே இருக்கும் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்பது அவர்களுடைய வழியின் சாரம். நினைவக முகவரிகளுக்கு ஜான் ரெய்னால்ட்ஸும் பீட்டர் ஓ'ஹெர்னும் உருவாக்கிய பிரிப்புத் தர்க்கத்தின் உறவுமுறை அது, மரங்களுக்கென்று வளர்த்தெடுத்தது. பின்னாளில் அஸாலியா ராட், ஜோஸே ஃப்ராகோஸோ சாந்தோஸ், கார்ட்னர் ஆகியோர் 2016-இல் இதை விரித்து, டாமைப் பயன்படுத்தும் நிரல்களைப் பற்றியும் காரணம் சொல்லக்கூடியதாக ஆக்கினார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் தாளில் எழுதிய நிரூபணங்கள். அவற்றின் அழகு தாளில்தான் தெரியும். ஆனால் தாளில் எழுதும்போது கை தவறுவதும் மனித இயல்பு.

அந்த இடத்தில்தான் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆக்கிம் ப்ரூக்கரும் மைக்கேல் ஹெர்ஸ்பெர்கும் செய்த வேலை வருகிறது. அவர்கள் இசபெல் என்ற நிரூபண மென்பொருளைக் கையாண்டார்கள். 1980-களில் கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பால்சன் தொடங்கி, மியூனிக்கில் டோபியாஸ் நிப்கோவ் குழுவோடு வளர்ந்த கருவி அது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரூபணப் படியும் கடைசியில் அதன் சிறிய உள்மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மையம் ஒப்புக்கொண்டால்தான் தேற்றம் என்ற முத்திரை கிடைக்கும். 'இது தெளிவு' என்று எழுதிவிட்டு நகர முடியாது. அதற்கு எதுவுமே தெளிவில்லை!

டாமின் மையப் பகுதியை இசபெலில் எழுதிய அவர்களுடைய மாதிரி, கோர் டாம் என்ற பெயரில் 2018-இல் வெளிவந்தது. நிரூபணங்களுக்கென்றே உள்ள பொதுக் காப்பகத்தில் யாரும் இறக்கிப் படிக்கலாம், ஓட்டியும் பார்க்கலாம். அதில் நான் பலமுறை திரும்பிப் போய்ப் பார்த்த இடம் ஒன்று உண்டு. 'நல்ல மரம்' என்றால் என்ன என்று அவர்கள் வரையறுக்கும் இடம். நான்கே நிபந்தனைகள்தான்.

ஒவ்வொரு பெற்றோருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று உண்டு. எந்தப் பட்டியலில் ஒரு கணுவின் பெயர் இருந்தாலும், அந்தக் கணு உண்மையில் நினைவகத்தில் இருக்க வேண்டும். அரோராவில் உடைந்தது இந்த நிபந்தனையின் நெருங்கிய சொந்தம். அடுத்து, பெற்றோர்–பிள்ளை உறவில் எங்கும் வளையம் இருக்கக் கூடாது. அது தாத்தா பேரன் விவகாரம். மூன்றாவது, ஒரு கணு இரண்டு பட்டியலிலோ ஒரே பட்டியலில் இரண்டு முறையோ வரக் கூடாது. ஒருவர் பெயர் இரண்டு ரேஷன் கார்டில் இருக்கக் கூடாது என்பது போல. நான்காவது, பெயர் எந்தக் கார்டிலும் இல்லாமலும் போகக் கூடாது. ஆவணம் தவிர ஒவ்வொரு கணுவும் ஒரு பெற்றோருக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஓர் ஆவணத்தின் தனிப்பட்டியலில் இருக்க வேண்டும்.

அந்தத் தனிப்பட்டியல் என்ன? இங்கேதான் ஒரு நுட்பம். ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக ஒரு கணுவை உருவாக்கினால் அது இன்னும் மரத்தில் ஏறவில்லை. ஆனாலும் 'நீ எந்த ஆவணத்தைச் சேர்ந்தவன்' என்று கேட்டால் பதில் உண்டு. தரநிலையும் ஒவ்வொரு கணுவும் ஓர் ஆவணத்துக்கு உரியது என்கிறது. ப்ரூக்கரும் ஹெர்ஸ்பெர்கும் இதை இப்படிக் கையாண்டார்கள்: ஒவ்வொரு ஆவணமும் மரத்தில் ஏறாத தன் கணுக்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். மரத்திலிருந்து ஒரு கணுவை எடுத்தால் பெற்றோரின் பட்டியலிலிருந்து நீங்கி இந்தப் பட்டியலுக்கு வரும், சேர்த்தால் இதிலிருந்து நீங்கி அங்கே போகும். இன்னொரு முடிவும் எடுத்தார்கள். பெற்றோர் யார் என்ற தகவலைக் கணுவில் எழுதி வைக்கவில்லை, பிள்ளைகளின் பட்டியலை மட்டும் வைத்தார்கள். பெற்றோர் வேண்டுமென்றால் யாருடைய பட்டியலில் இந்தப் பிள்ளை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடி. வேகமாக ஓட வேண்டிய பிரவுசருக்கு இது ஒத்துவராது. நிரூபணத்துக்கோ இது பெரிய நிம்மதி. ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று காலம் முழுக்க நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது நிரூபணத்தின் மையத்துக்கு வருவோம். இன்சர்ட்பிஃபோர் முன்னோரைச் சரிபார்க்கிறது என்றேன். எப்படிச் சரிபார்க்கிறது? பெற்றோர், பெற்றோரின் பெற்றோர் என்று வேர் வரை ஏறிப் பார்க்கிறது. ஆனால் அந்த ஏற்றம் ஓர் இடத்தில் முடியும் என்று யார் சொன்னது? மரத்தில் ஏற்கெனவே வளையம் இருந்தால் முடியாதே! அதாவது, வளையம் வராமல் காக்கும் சோதனையே, வளையம் இல்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிய தரநிலையைப் படிக்கும் யாரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவதில்லை. நாம் மரத்தை மனத்தில் வரைந்துகொண்டு படிப்பதால் வேர் என்று ஒன்று இருக்கும் என்று இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். இசபெல் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வேரைத் தேடும் செயல் எல்லா நிலைகளிலும் முடிவுக்கு வரும் என்று அங்கே எழுதவே முடியாது. முடியாமலும் போகலாம் என்ற வகையில் வரையறுத்துவிட்டு, 'மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளும் இருந்தால் முடியும்' என்று தனியாக நிரூபிக்க வேண்டும். பிறகு, சேர்க்கும் கட்டளை அந்த நான்கையும் கெடுக்காது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டிடம் நிற்கும். இது சாதாரண பிழைதிருத்தம் கிடையாது. நாம் எதையெல்லாம் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தோம் என்று வெளியே எடுத்து வைக்கும் வேலை. மென்பொருளைக் கணித நிரூபணத்தால் சோதிக்கும் முறைசார் சரிபார்ப்பின் உண்மையான பலன் இதுதான் என்பது என் கருத்து. 'பிழை இல்லை' என்ற சான்றிதழை விட, 'எதன் மேல் நிற்கிறோம்' என்ற பட்டியல் எனக்கு அதிக மதிப்புள்ளதாகத் தெரிகிறது.

நியாயமான சந்தேகம் ஒன்று எழும். அவர்கள் இசபெலில் எழுதியது உண்மையான டாம்தான் என்று எப்படி நம்புவது? தங்களுக்குப் பிடித்த மரம் ஒன்றை வரைந்துகொண்டு அதை நிரூபித்திருக்கலாமே? இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது, நேர்மையானது. பிரவுசர்கள் தரநிலையைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்க எல்லாத் தயாரிப்பாளர்களும் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து இன்சர்ட்பிஃபோர், ரிமூவ்சைல்ட், அடாப்ட்நோட், கெட்எலிமெண்ட்பைஐடி ஆகிய கட்டளைகளுக்கான சோதனைகளை இசபெலுக்கு மொழிபெயர்த்துத் தங்கள் மாதிரியின் மேல் ஓட்டினார்கள். பிரவுசர் எழுதும் பரீட்சையை மாதிரியும் எழுதியது. எல்லையற்ற மரங்களுக்கு நிரூபணம், நிஜத்தோடு ஒட்டியிருக்கிறது என்பதற்குச் சோதனை. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. இன்றைய பக்கங்கள் பல கைகள் சேர்ந்து செய்தவை. ஒருவர் எழுதிய நாள்காட்டி, இன்னொருவர் எழுதிய கருத்துப்பெட்டி, வேறொருவரின் விளம்பரம். ஒன்று மற்றொன்றின் கணுக்களைத் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக நிழல் மரம் என்ற வசதி வந்தது. ஒரு கணுவுக்குள் தனி மரம் ஒன்று மறைந்திருக்கும், வெளியிலிருந்து சாதாரணமாகத் தேடினால் அகப்படாது. வீடியோவுக்குக் கீழே வரும் ஓட்டு, நிறுத்து பொத்தான்கள் பிரவுசருக்குள் இப்படித்தான் ஒளிந்திருக்கின்றன.

வெளியிலிருந்து உள்ளே போவதற்குத் தடை உண்டு. உள்ளிருந்து வெளியே? நிழல் மரத்தில் இருக்கும் ஒரு கணுவிடம் 'உன் ஆவணம் எது' என்று கேட்டால், அது நிழல் வேரைக் காட்டாது, முழுப் பக்கத்தின் ஆவணத்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிடும். அங்கிருந்து பக்கத்தில் எங்கும் போகலாம். சுவர் எழுப்பிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி. ப்ரூக்கரும் ஹெர்ஸ்பெர்கும் 2020-இல் நிழல் மரத்தையும் இசபெலில் கட்டி, நாள்காட்டி, கருத்துப்பெட்டி போன்ற 'ஒரு கூறு' என்றால் எது, எந்தக் கட்டளை ஒரு கூறின் எல்லைக்குள் நிற்கிறது, எது தாண்டுகிறது என்று முறையாக வகைப்படுத்தினார்கள்.

அதோடு விடவில்லை. தரநிலையை எப்படி மாற்றினால் எல்லை உறுதியாகும் என்றும் ஒரு மாற்று மாதிரியைக் கட்டிக் காட்டினார்கள். அதில் நிழல் வேரும் ஒருவகை ஆவணம். உள்ளே இருக்கும் கணுவிடம் 'உன் ஆவணம் எது' என்றால் அருகிலுள்ள நிழல் வேரையே காட்டும். இந்த ஒரு மாற்றத்தால், முன்பு வெளியே தாவிய பல கட்டளைகள் எல்லைக்குள்ளேயே நின்றன. பிரவுசர்கள் இன்றும் பழைய விதியைத்தான் பின்பற்றுகின்றன. பல கோடிப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி அடித்தளத்தில் கைவைப்பது லேசில் நடக்காது. ஆனாலும் மாற்றினால் என்ன கிடைக்கும் என்பது இப்போது ஊகமாக இல்லை, தேற்றமாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு எல்லையையும் சொல்ல வேண்டும். நிரூபிக்கப்பட்டது மாதிரி. உங்கள் கையிலுள்ள போனில் ஓடுவது சி++ மொழியில் எழுதிய மென்பொருள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அதிலும் ஒரு விரிசல் மிக ஆழமானது. மாதிரியில் ஒரு கணுவை நகர்த்தும்போது, பழைய பட்டியலிலிருந்து எடுப்பதும் புதிய பட்டியலில் போடுவதும் அடுத்தடுத்து நடக்கும், நடுவில் யாரும் நுழைய மாட்டார்கள். எடுத்தபின் போடுவதற்கு முன் ஒரு கணம், அந்தக் கணுவின் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. நான்காவது நிபந்தனை அந்தக் கணத்தில் உடைந்துதான் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பதால் தப்பித்தோம்.

பிரவுசரில் நடுவே ஆள் நுழைய முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் இரண்டாம் நிலைத் தரம் மியூட்டேஷன் ஈவென்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஒரு கணு நீக்கப்படப்போகிறது என்றால், நீக்கும் வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டைக் கூப்பிட்டுச் சொல்லும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் சும்மா கேட்டுக்கொண்டு போகும் என்று கட்டாயம் இல்லை. அதே மரத்தை வேறு பக்கத்தில் வெட்டலாம், நீக்கப்போகும் கணுவின் பெற்றோரையே காலி செய்யலாம். திரும்பி வரும் பிரவுசர், தான் விட்டுச் சென்ற மரம் அப்படியே இருக்கிறது என்று நம்பிக் கையை நீட்டும். பிரவுசர் பாதுகாப்பில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு தலைவலி கொடுத்தது என்பதைச் சொல்லி மாளாது. மாற்றாக வந்த மியூட்டேஷன் அப்சர்வர், எல்லா மாற்றமும் முடிந்த பிறகுதான் மொத்தமாகத் தகவல் சொல்லும். பழையதை முழுக்க எடுத்துவிட வெகுகாலம் பிடித்தது. குரோம் 2024 ஜூலையில், 127-ஆம் பதிப்பில்தான் நீக்கியது. எடுத்த பிறகும் கதவு முழுசாக மூடவில்லை. ஒரு ஸ்கிரிப்ட் கணுவை மரத்தில் சேர்த்தாலே அது ஓடத் தொடங்கும், ஓடும்போது மரத்தைத் தொடும்.

பிரவுசரின் வேறு பகுதிகளில் நிரூபணம் வேகமாக உள்ளே வந்திருக்கிறது. 2017-இல் ஃபயர்பாக்ஸ் 57, தகவலை ரகசியமாக்கும் குறியாக்கத்தின் ஒரு பகுதியாக, நிரூபிக்கப்பட்ட மூலத்திலிருந்து தானாக உருவான நிரலையே சேர்த்து வெளியிட்டது. அங்கே மாதிரிக்கும் ஓடும் நிரலுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. 2012-இல் குவார்க் என்ற ஆய்வு பிரவுசர், தாவல்களுக்கு இடையே நின்று காவல் காக்கும் சிறிய மையத்தை மட்டும் காக் என்ற நிரூபண மென்பொருளில் நிரூபித்துவிட்டு, மீதி வேலைக்கு வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சினை அப்படியே பயன்படுத்தியது. பாவெல் பன்செகாவும் எமினா டோர்லாக்கும் 2016-இல் பக்க வடிவமைப்பின் விதிகளைத் தர்க்கமாக எழுதி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்குமா போன்ற கேள்விகளுக்குத் தானாக விடை காணும் வழியைத் திறந்தார்கள். குறியாக்கம் சிறியது, உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று தெளிவாக இருக்கும். டாம் அப்படிப்பட்டதில்லை. எல்லோரும் எல்லா நேரமும் கைவைக்கும் பொதுச் சொத்து. அதை நிரூபிப்பது பின்தங்கியிருப்பதற்குக் காரணம் அக்கறையின்மை என்று நான் நினைக்கவில்லை. வேலை அவ்வளவு கடினம்.

தரநிலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அண்மையில் சேர்ந்த கட்டளை ஒன்றின் பெயர் மூவ்பிஃபோர், குரோமில் 2025-இல் வந்தது. இவ்வளவு காலம் ஒரு கணுவை நகர்த்துவது என்றால் எடுத்துவிட்டுப் போடுவதுதான். அதனால் அந்தக் கணுவுக்குள் வேறொரு பக்கம் திறந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து ஏற்றப்படும், நிரப்பிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து கர்சர் போய்விடும். மூவ்பிஃபோர் எடுக்காமலே இடம் மாற்றுகிறது. எந்தக் கார்டிலும் பெயர் இல்லாத அந்த ஒரு கணம் இதில் வெளியே யாருக்கும் தெரியாது. அதற்கான படிகளைத் தரநிலையில் திறந்து பார்த்தேன். பழைய இடமும் புதிய இடமும் ஒரே வேருக்குக் கீழே இருக்கின்றனவா என்று முதலில் கேட்கிறது. அடுத்த படியிலேயே பழைய கேள்வி திரும்ப வருகிறது, அதே சொற்களில்: நகரும் இந்தக் கணு, வைத்திருப்பவர் வழியாகவும் சேர்த்துப் பார்த்தால், புதிய பெற்றோருக்கு முன்னோரா?